டெஃபர்டு டாக்ஸ் எப்போது பதிவது, எப்போது விடுவது: ஆண்டு முடிவுக் கணக்குக்கான முழுமையான வழிகாட்டி

ஆடிட் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் ஆர்ட்டிகிள்களிடம் (சி.ஏ. பயிற்சி மாணவர்களிடம்) டெஃபர்டு டாக்ஸ் வேலையை, அதாவது கணக்கு லாபமும் வரி லாபமும் வேறுபடுவதால் பின்னாளில் கட்டவோ மிச்சமாகவோ போகும் வரியை இப்போதே கணக்கில் பதியும் வேலையைக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே மாதிரியான தாளோடுதான் வருவார்கள். கம்பெனிக் கணக்குத் தேய்மானம், வருமான வரித் தேய்மானம், இரண்டின் வித்தியாசம், அதை வரி விகிதத்தால் பெருக்கிய தொகை. அவ்வளவுதான். பெருக்கல் சரியாகவே இருக்கும். ஆனால் பெருக்குவது கடைசிக்கு முந்தைய வேலை. அதற்கு முன்னால் எதைப் பதிவது, எதை விடுவது என்ற முடிவுகள் வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரே ஷிப்ட் ஓடும் ஒரு பம்ப் தயாரிப்புக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கணக்காண்டு 2025 மார்ச் 31-ல் முடிகிறது. பல கழிவுகளை விட்டுக்கொடுத்து 22 சதவீத வரி கட்டும் 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. வருமான வரியைக் கணக்கில் காட்டுவதற்கான கணக்குத் தரநிலை ஏஎஸ் 22. பிரிவு எண்கள் எல்லாம் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி. 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் அதன் பிறகு எண்கள் மாறும். கீழே சொல்லும் வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

முதலில் நடப்பு வரிக்கான கம்ப்யூடேஷன் (வரிக்குரிய வருமானக் கணக்கீடு) முடிந்திருக்க வேண்டும். லாபத்தோடு எதைக் கூட்டினோம், எதைக் கழித்தோம் என்பது அங்கேதான் தெரியும். டெஃபர்டு டாக்ஸுக்கான மூலப்பொருளே அந்தப் பட்டியல்தான். இது முடியாமல் தொடங்கினால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

அடுத்து, சொத்துப் பதிவேடும் வருமான வரி பிளாக் (ஒரே தேய்மான விகிதமுள்ள சொத்துத் தொகுதி) வாரியான தேய்மான அட்டவணையும். பிறகு, சென்ற ஆண்டின் டெஃபர்டு டாக்ஸ் ஒர்க்கிங். இறுதித் தொகை மட்டும் போதாது, எந்தெந்த இனத்தால் அந்தத் தொகை வந்தது என்ற உடைப்பும் வேண்டும். பணிக்கொடைக்கான ஆக்சுவரி (எதிர்காலப் பொறுப்பைக் கணிப்பவர்) அறிக்கை, 3சிடி படிவ (வரித் தணிக்கை விவரப் படிவம்) வரைவு, கொடுக்க வேண்டிய பாக்கியில் யார் யார் குறு, சிறு நிறுவனம் என்ற பட்டியல், நட்டம் இருந்தால் பழைய ரிட்டர்ன்களின் அக்னாலெட்ஜ்மென்ட் ஆகியவையும் கையில் இருக்கட்டும்.

சென்ற ஆண்டின் உடைப்பு இல்லாத கம்பெனிகள் நிறைய. அப்படியானால் முதல் நாளை அதைக் கட்டியெழுப்பவே செலவிடுங்கள். தொடக்க இருப்பு எதனால் ஆனது என்று தெரியாமல் இறுதி இருப்பை நம்ப முடியாது.

2. எந்தத் தரநிலை என்பதை முதலில் தீர்மானியுங்கள்

பங்குச் சந்தையில் (எஸ்எம்இ தளம் தவிர) பட்டியலிட்ட கம்பெனிகளும், நிகர மதிப்பு 250 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள பட்டியலிடாத கம்பெனிகளும் சர்வதேசத் தரநிலையை ஒட்டிய இண்ட் ஏஎஸ் 12-ஐப் பின்பற்ற வேண்டும். அந்தக் குழுமத்தில் உள்ள துணைக் கம்பெனிகளும் அப்படியே. மற்றக் கம்பெனிகளுக்கு ஏஎஸ் 22.

இதை முதலிலேயே தீர்மானிக்கச் சொல்வதற்குக் காரணம், இரண்டும் வேறு கேள்விகளைக் கேட்கின்றன. ஏஎஸ் 22 லாப நட்டக் கணக்கிலிருந்து தொடங்கும்: கணக்கு லாபமும் வரி லாபமும் எந்த இனத்தால் வேறுபட்டன, அது பின்னால் திரும்புமா? இண்ட் ஏஎஸ் 12 பேலன்ஸ் ஷீட்டிலிருந்து தொடங்கும்: இந்தச் சொத்தின் ஏட்டு மதிப்பு என்ன, வரிச் சட்டத்தின் கண்ணில் அதன் மதிப்பு என்ன? மறுமதிப்பீடு செய்த நிலம் ஏஎஸ் 22-ல் டெஃபர்டு டாக்ஸுக்குள் வராது. இண்ட் ஏஎஸ் 12-ல் வரும்.

“சின்ன பிரைவேட் கம்பெனிக்கு இதெல்லாம் வேண்டாம்” என்று பலர் நம்புகிறார்கள். சிறிய, நடுத்தரக் கம்பெனிகளுக்குச் சில தரநிலைகளில் சலுகை உண்டு. ஏஎஸ் 22-ல் கம்பெனிகளுக்கு அப்படி ஒரு விலக்கு கிடையாது.

3. ஒவ்வொரு வேறுபாட்டிடமும் ஒரே கேள்வி: இது திரும்பி வருமா?

கம்ப்யூடேஷனில் கூட்டிய, கழித்த ஒவ்வொரு வரியையும் எடுத்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பின்னொரு ஆண்டில் எதிர்த்திசையில் திரும்பும் என்றால் அது கால வேறுபாடு. அதற்கு டெஃபர்டு டாக்ஸ் உண்டு. திரும்பவே திரும்பாது என்றால் நிரந்தர வேறுபாடு; அதை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

திரும்பாதவை பெரும்பாலும் தெளிவாகவே தெரியும். சட்டமீறலுக்குக் கட்டிய அபராதம், சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) செலவு, வருமான வரி மீதான வட்டி ஆகியவை. ஒன்று மட்டும் பலரை ஏமாற்றும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பி.எஃப் பங்கை பி.எஃப் சட்டத்தின் கெடு தேதிக்குப் பின் கட்டினால், நமது உதாரண ஆண்டுக்கு அந்தத் தொகை என்றைக்குமே கழிவாகாது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முதலாளியின் பங்கோ 43பி பிரிவில் வரும். கட்டிய ஆண்டில் கழிவு கிடைக்கும். ஒரே செலானில் போகும் இரண்டு தொகைகள், ஒன்று நிரந்தர வேறுபாடு, மற்றொன்று கால வேறுபாடு. சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

திரும்புகிறவற்றில் கவனிக்க வேண்டியவை இவை.

தேய்மானம். புதிதாக 60 லட்சத்துக்கு ஒரு இயந்திரம் ஏப்ரல் தொடக்கத்தில் வாங்கினால், கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி 15 ஆண்டு ஆயுள், 5 சதவீத எஞ்சிய மதிப்பு என்று நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 3,80,000 தேய்மானம். வருமான வரியில் முதல் ஆண்டு 15 சதவீதம், அதாவது 9,00,000. வரியில் 5,20,000 கூடுதலாக இப்போதே கழித்துவிட்டோம். பின்னாளில் அதே அளவு குறைவாகக் கழிப்போம். இன்று கட்டாத வரியை நாளை கட்டப்போகிறோம் என்பதால் இது பொறுப்பு, டிடிஎல் (டெஃபர்டு டாக்ஸ் லயபிலிட்டி).

பணிக்கொடை. ஒதுக்கியதற்குக் கழிவு கிடையாது. கொடுத்தாலோ அங்கீகரிக்கப்பட்ட நிதியில் கட்டினாலோதான் உண்டு. எனவே இறுதி ஒதுக்கீடு முழுவதும் டிடிஏ, அதாவது டெஃபர்டு டாக்ஸ் அசெட் (சொத்து) பக்கம்.

போனஸ். இங்கேதான் காலண்டரைப் பார்க்க வேண்டும். மார்ச் 31-ல் பாக்கியாக நின்றாலும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு தேதிக்குள் கொடுத்துவிட்டால் அந்த ஆண்டிலேயே கழிவு கிடைத்துவிடும். டெஃபர்டு டாக்ஸ் எதுவும் இல்லை. கம்பெனிகளுக்கு வழக்கமான கெடு அக்டோபர் 31. 2025-ல் தீபாவளி அக்டோபர் 20-ல் வந்தது, சிக்கல் இல்லை. 2023-ல் தீபாவளி நவம்பர் 12. பண்டிகைக்கு முந்தைய வாரம்தான் போனஸ் தருவது என்று வழக்கம் வைத்திருந்த கம்பெனிக்கு அந்த ஆண்டு கெடு தாண்டிவிட்டது, டிடிஏ உருவாகிவிட்டது. எனவே கணக்கை முடிக்கும்போது “போனஸ் எப்போது தருவீர்கள்?” என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். போன ஆண்டு ஷீட்டைப் பார்த்து நிரப்பாதீர்கள்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கி. 2023-24 முதல் 43பி(எச்) வந்திருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள். அந்தக் கெடு தாண்டினால் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிவு. போனஸுக்கு உள்ள ரிட்டர்ன் தேதிச் சலுகை இதற்குக் கிடையாது. ஏப்ரலில் கொடுத்துவிட்டோம் என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் மார்ச் 31-ல் கெடு இன்னும் முடியாத பில்லை, கெடுவுக்குள் கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. நடுத்தர நிறுவனங்களும், வெறும் வியாபாரிகளாகப் பதிவு செய்தவர்களும் இதில் வரமாட்டார்கள். பில் வாரியாகத்தான் இதைப் பார்க்க முடியும்.

வராக்கடன் ஒதுக்கீடு. ஏட்டிலிருந்து தள்ளும்போதுதான் கழிவு. அதுவரை டிடிஏ பக்கம்.

4. பொறுப்பா, சொத்தா? இரண்டுக்கும் அளவுகோல் வேறு

டிடிஎல் என்றால் யோசிக்க வேண்டியதில்லை, பதிய வேண்டும். கட்டவேண்டிய கடனை மறைக்கக்கூடாது என்பதால் அங்கே நிபந்தனை இல்லை.

டிடிஏ அப்படியல்ல. எதிர்காலத்தில் வரிக்குரிய லாபம் வந்தால்தான் அது பயன்படும். லாபமே வராத கம்பெனிக்குக் கழிவு எதற்கு? அதனால் ஏஎஸ் 22 இரண்டு படிகள் வைத்திருக்கிறது. பணிக்கொடை, வராக்கடன் ஒதுக்கீடு போன்ற சாதாரண இனங்களுக்கு, அவற்றை ஈடுகட்டும் அளவு லாபம் வரும் என்ற நியாயமான நிச்சயம் போதும். தொடர்ந்து லாபம் காட்டும் நமது பம்ப் கம்பெனிக்கு அது எளிதில் நிறைவேறும்.

முன்கொண்டு செல்லும் நட்டமோ, லாபம் போதாமல் ஈடுகட்டாத தேய்மானமோ இருந்தால் அளவுகோல் கடுமையாகிறது. அப்போது எல்லா டிடிஏ-வுக்குமே, ஏறக்குறைய முழு நிச்சயமும் அதை நிறுவும் உறுதியான சான்றும் வேண்டும். பலர் இதை நட்டத்துக்கு மட்டும் என்று நினைத்து, பணிக்கொடை டிடிஏ-வைப் பழையபடியே விட்டுவிடுகிறார்கள்.

5. நட்டம் உள்ள கம்பெனி: அதிகம் தடுக்கிவிழும் இடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் கம்பெனியில் 2 கோடி ரூபாய் நட்டத்துக்கு 50,33,600 ரூபாய் டிடிஏ பதிந்து, நிகர மதிப்பு மைனஸில் போகாமல் காட்டியிருந்தார்கள். சான்று கேட்டேன். வங்கிக்குக் கொடுத்த ஐந்தாண்டு புரொஜெக்‌ஷனை நீட்டினார்கள். “பேங்க்கே நம்பிக் கடன் கொடுத்திருக்கிறதே சார்” என்றார் கணக்கு மேலாளர். அவர் மனதார நம்பித்தான் சொன்னார். ஆனால் கடனுக்காகக் கொடுத்து, கடன் நிறுவனம் ஏற்றுக்கொண்ட புரொஜெக்‌ஷன்கூடத் தனியாக நின்றால் உறுதியான சான்றாகாது என்று ஏஎஸ் 22-ன் விளக்கமே சொல்கிறது. எதிர்பார்ப்புக்கும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. ரத்து செய்தால் பெரிய இழப்பீடு தரவேண்டிய, லாபம் தரும் ஏற்றுமதி ஆர்டர் கையில் இருந்தால் அது சான்று.

இங்கே வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் நட்டம் சட்டப்படி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ரிட்டர்னை உரிய தேதிக்குள் தாக்கல் செய்யாவிட்டால் வணிக நட்டத்தை முன்கொண்டு செல்லவே முடியாது. ஈடுகட்டாத தேய்மானத்துக்கு அந்தத் தடை இல்லை. பொதுமக்கள் பங்கில்லாத கம்பெனியில் 51 சதவீத வாக்குரிமை, நட்டம் வந்த ஆண்டில் இருந்தவர்களிடமே தொடராவிட்டால் 79-ஆம் பிரிவு நட்டத்தைத் தடுத்துவிடும். இறந்துபோன நட்டத்தின் மேல் டிடிஏ கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, ஆயுள். வணிக நட்டம் 8 மதிப்பீட்டு ஆண்டுகள். ஈடுகட்டாத தேய்மானத்துக்குக் காலவரம்பு இல்லை. இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டி வைத்திருந்தால் பிரியுங்கள்.

மூன்றாவது, ஏற்கனவே உள்ள டிடிஎல். அந்தக் கம்பெனிக்குத் தேய்மானத்தால் 72 லட்சம் கால வேறுபாடு இருந்தது. அது திரும்பும் ஆண்டுகளில் அதே அளவு வரிக்குரிய வருமானம் தானாகவே உருவாகும். எனவே நட்டத்தின் ஆயுளுக்குள் திரும்பும் அளவுக்கு டிடிஏ பதியலாம். முழுவதும் திரும்பினால் 18,12,096 வரை. 50 லட்சத்தைக் கேட்டவர்களுக்கு 18 லட்சம் கிடைத்தது. அதற்கு எந்த புரொஜெக்‌ஷனும் தேவைப்படவில்லை.

நான்காவதாகத்தான் புதிய லாபத்துக்கான சான்று. இல்லையென்றால் மீதியைப் பதியாமல் விட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் பாருங்கள். விட்டது போய்விடாது. சான்று கிடைக்கும் ஆண்டில் பதிந்துகொள்ளலாம். அதேபோல், முன்பு பதிந்த டிடிஏ-வுக்கு நிச்சயம் குறைந்துவிட்டால் குறைத்தாக வேண்டும்.

6. விகிதம்: எந்த ஆண்டின் விகிதம்?

பேலன்ஸ் ஷீட் தேதியில் சட்டமாகிவிட்ட, அல்லது சட்டமானதற்குச் சமமான நிலையை அடைந்துவிட்ட விகிதம். 115பிஏஏ-வில் 22 சதவீத வரி, அதன் மேல் 10 சதவீத சர்சார்ஜ், பிறகு 4 சதவீத செஸ், மொத்தம் 25.168. செஸ்ஸை விட்டு 24.2 என்று போடுவது அடிக்கடி பார்க்கும் பிழை.

115பிஏஏ-வுக்குப் போகாத கம்பெனியில் சர்சார்ஜ் லாபத்தைப் பொறுத்து மாறும். 25 சதவீத விகிதத்தில் உள்ள கம்பெனிக்கு ஒரு கோடிக்குள் வருமானம் என்றால் 26, ஒரு கோடிக்கும் பத்துக் கோடிக்கும் இடையே என்றால் 27.82. வேறுபாடு திரும்பும் ஆண்டில் எந்த அடுக்கில் இருப்போம் என்பதையே நியாயமாகக் கணித்துப் போட வேண்டும்.

விகிதம் மாறினால் தொடக்க இருப்பையும் சேர்த்து மறுபடி அளக்க வேண்டும். 2019 செப்டம்பர் 20-ல் 115பிஏஏ அவசரச் சட்டமாக வந்தபோது எத்தனையோ கம்பெனிகள் அந்தக் காலாண்டிலேயே இதைச் செய்தன. 27.82-லிருந்து 25.168-க்கு மாறும் கம்பெனிக்கு 7 லட்சம் நிகர வேறுபாட்டில் மட்டும் 18,564 ரூபாய் டிடிஎல் குறையும். நமது உதாரண ஆண்டின் சட்டப்படி, மேட் (குறைந்தபட்ச மாற்று வரி) கிரெடிட் தீரும்வரை பழைய முறையில் இருந்துவிட்டு, பிறகு மாறப்போகும் கம்பெனி, மாறிய பின் திரும்பும் வேறுபாடுகளுக்குக் குறைந்த விகிதத்தைப் போட வேண்டும். மேட் கிரெடிட்டையும் இங்கே கலக்காதீர்கள். ஏஎஸ் 22-ல் அது டெஃபர்டு டாக்ஸ் அல்ல, தனிச் சொத்து. இண்ட் ஏஎஸ் 12-ல் மட்டும் டெஃபர்டு டாக்ஸோடு சேரும்.

எத்தனை ஆண்டு கழித்துத் திரும்பினாலும் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரக் கூடாது.

7. இறுதி இருப்பைக் கட்டுங்கள், பிறகு பழையதைக் கழியுங்கள்

ஆண்டின் வித்தியாசத்தை மட்டும் பெருக்கிப் பழைய இருப்போடு கூட்டினால், பழைய பிழைகள் எல்லாம் கூடவே வரும். ஒவ்வொரு ஆண்டும் இறுதி இருப்பைப் புதிதாகக் கட்டுங்கள்.

நமது கம்பெனியில் தேய்மானத்துக்குரிய சொத்துகளின் ஏட்டு மதிப்பு 1,80,00,000, வரி மதிப்பு 1,48,00,000. வேறுபாடு 32,00,000. டிடிஎல் 8,05,376.

எதிர்ப்பக்கத்தில் பணிக்கொடை 14,00,000, கெடு தாண்டிய குறு, சிறு நிறுவனப் பாக்கி 5,00,000, வராக்கடன் ஒதுக்கீடு 3,00,000. போனஸ் 6,00,000 ரிட்டர்ன் கெடுவுக்குள் கொடுப்பதால் வராது. மொத்தம் 22,00,000, டிடிஏ 5,53,696.

நிகர டிடிஎல் 2,51,680. சென்ற ஆண்டு இருப்பு 1,76,176. இந்த ஆண்டுச் செலவு 75,504. லாப நட்டக் கணக்கில் டெஃபர்டு டாக்ஸ் பற்று, பேலன்ஸ் ஷீட்டில் டிடிஎல் வரவு.

சொத்து மதிப்பை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. பதிவேட்டின் மொத்தத்தில் நிலமும் இருக்கும். தேய்மானமே இல்லாத நிலம் வரித் தேய்மான அட்டவணையில் வராது. கழிக்காமல் விட்டால் 40 லட்ச ரூபாய் நிலம் 10,06,720 ரூபாய்க்கு இல்லாத டிடிஎல்லை உருவாக்கிவிடும். தொடக்க இருப்பிலும் அதே பிழை இருந்தால் ஆண்டுச் செலவு சரியாகவே தெரியும். அதனால்தான் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருக்கும்.

8. சரிபார்க்கும் கணக்கு

இதைச் செய்யாமல் யாரும் தாளை என்னிடம் கொடுக்க வேண்டாம் என்று சொல்வேன். இரண்டு நிமிட வேலைதான்.

வரிக்கு முந்தைய லாபம் 80,00,000. நிரந்தர வேறுபாடு: அபராதம் 50,000, தாமதமாகக் கட்டிய தொழிலாளர் பி.எஃப் பங்கு 30,000. கால வேறுபாடு இந்த ஆண்டு நிகரமாக 3,00,000 கழிவு. வரிக்குரிய வருமானம் 77,80,000. நடப்பு வரி 19,58,070. டெஃபர்டு டாக்ஸ் 75,504. கூட்டினால் 20,33,574.

இப்போது லாபத்தோடு நிரந்தர வேறுபாட்டை மட்டும் கூட்டி, 80,80,000-ஐ 25.168 சதவீதத்தால் பெருக்குங்கள். அதே 20,33,574 வரும். வராவிட்டால் மூன்று இடங்களில் தேடுங்கள்: ஏதோ ஒரு கால வேறுபாடு விடுபட்டிருக்கும், நிரந்தரம் ஒன்று கால வேறுபாடாகப் போயிருக்கும், அல்லது தொடக்க இருப்பு வேறு விகிதத்தில் இருக்கும். பதியாமல் விட்ட டிடிஏ இருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தாது. அதைத் தனி வரியாகக் காட்டிப் பொருத்துங்கள்.

9. வரிவிலக்குக் காலம் இருந்தால்

விலக்குக் காலத்துக்குள்ளேயே திரும்பிவிடும் வேறுபாட்டுக்கு டெஃபர்டு டாக்ஸ் வேண்டாம். அதன் பின் திரும்புவதை, தோன்றிய ஆண்டிலேயே பதிய வேண்டும். முதலில் தோன்றியது முதலில் திரும்பும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

10. இண்ட் ஏஎஸ் 12-ல் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

டிடிஏ-வுக்கான நிபந்தனை இங்கே கொஞ்சம் இளகும்: வரிக்குரிய லாபம் வர வாய்ப்பு அதிகம் என்றால் போதும். ஆனால் அண்மைக்கால நட்ட வரலாறு இருந்தால் அதைத் தாண்டும் சான்று வேண்டும்.

குத்தகையில் பயன்பாட்டு உரிமைச் சொத்தும் குத்தகைப் பொறுப்பும் ஒரே நாளில் பதிவாகும்போது, முன்பு, முதலில் பதியும் நாளின் வேறுபாட்டுக்கு டெஃபர்டு டாக்ஸ் வேண்டாம் என்ற தொடக்கப் பதிவு விலக்கைச் சொல்லி விட்டுவிட்டவர்கள் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் அந்த விலக்கு இதற்குப் பொருந்தாது. இரண்டு பக்கமும் பதிய வேண்டும்.

வேறுபாடு எங்கே பிறந்ததோ அங்கேயே வரியும் போக வேண்டும். பணிக்கொடையின் ஆக்சுவரி லாப நட்டம், சாதாரண லாபத்துக்கு வெளியே காட்டும் பிற முழுமை வருமானத்துக்குப் போனால் அதற்கான டெஃபர்டு டாக்ஸும் அங்கேதான். லாப நட்டக் கணக்கில் போட்டுவிட்டால் மேலே சொன்ன சரிபார்ப்பு கட்டாயம் இடிக்கும்.

துணைக் கம்பெனியின் பங்கிடாத லாபத்துக்கு, டிவிடெண்ட் எப்போது என்பதைத் தாய்க் கம்பெனியே தீர்மானிக்க முடிந்து, அண்மையில் எடுக்கும் எண்ணமும் இல்லையென்றால் டிடிஎல் பதிய வேண்டாம். எண்ணம் இல்லை என்பதை போர்டு தீர்மானமாக வாங்கி ஃபைலில் வையுங்கள்.

11. காட்டும் இடமும் ஃபைலும்

கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி டிடிஏ, டிடிஎல் எப்போதும் நடப்பல்லாத பகுதியில்தான். பணிக்கொடையில் பாதி அடுத்த ஆண்டே கொடுக்கப்போகிறோம் என்றாலும் பிரிக்கக் கூடாது. ஒரே கம்பெனிக்குள் இரண்டையும் நிகரமாகக் காட்டலாம். குழுமக் கணக்கில் ஒரு கம்பெனியின் டிடிஏ-வை இன்னொரு கம்பெனியின் டிடிஎல்லோடு கழிக்கக் கூடாது. இருவரும் தனித்தனி வரிதாரர்கள்.

ஃபைலில் உடைப்புத் தாள், விகிதத்துக்கான காரணம், பதியாமல் விட்ட டிடிஏ-வின் பட்டியல், அதற்கு என்ன சான்று கேட்டோம், என்ன கிடைத்தது என்ற குறிப்பு ஆகியவை இருக்கட்டும். போனஸ் கொடுத்த தேதியும் குறு, சிறு நிறுவனப் பாக்கி தீர்ந்த தேதியும் தெரிந்ததும் அதே தாளில் எழுதிவையுங்கள். அடுத்த ஏப்ரலில் தாளைத் திறக்கிறவர் முதலில் தேடுவது அந்த இரண்டு தேதிகளைத்தான்.